இஷ்பெல் விட்ட குறட்டை

மூன்று கவிதை முடிந்துவிட்டது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

மேடையில் இஷ்பெல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். மீன்கடை வேலையை உதறிவிட்டு, முதல் கவிதைப் புத்தகத்தோடு டண்டீ நகரிலிருந்து ஆர்ப்ரோத் ஊருக்குக் கவிதை படிக்க வந்திருக்கிறாள். இரண்டாவது புத்தகம் போடலாமா என்று பார்க்க, கிளாஸ்கோவிலிருந்து பதிப்பாளர் அம்மாள் வேறு வருகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இன்றைக்குச் சொதப்பினால் மறுபடி மீன்கடைதான்.

ரயில் தாமதம். ஓடிவந்து மண்டபத்தில் முதலில் கண்ணில் பட்ட அறைக்குள் நுழைந்தால், உள்ளே முழுக்கக் கறுப்பு உடை, உம்மென்ற முகங்கள். கவிதை கேட்க வந்தவர்கள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. நேரே மேடையேறிவிட்டாள்.

சிரிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று, புருஷன் குறட்டையைப் பற்றிய கவிதையை எடுத்தாள். மூக்காலேயே குறட்டை விட்டு நடித்தும் காட்டினாள்.

முன்வரிசை அம்மாள் விக்கி விக்கி அழுதாள்.

அப்போதுதான் சாசேஜ் ரோல் பலகாரத் தட்டுகளுக்குப் பின்னால் அந்தப் படம் கண்ணில் பட்டது. மலர்வளையத்துக்கு நடுவே ஒரு கிழவர். கீழே 'டூகல்', பிறந்த தேதி, இறந்த தேதி.

"இதெல்லாம்... டூகலுக்கு ரொம்பப் புடிச்ச கவிதைங்க" என்று சமாளித்தாள்.

அழுத அம்மாள் எழுந்தாள். "டூகலா? நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணேன். குதிரைப் பந்தய முடிவத் தவிர அந்த மனுஷன் ஒண்ணும் படிச்சதில்ல. உனக்கெப்படிப் பழக்கம்?"

"சும்மா... அப்பப்ப வருவாரு."

"எங்க வருவாரு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் இருக்கட்டும், அவரு குறட்டை இந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

இனி மறைத்தால் அடிதான் விழும். "கவிதைக் கூட்டம்னு நெனச்சுத் தப்பா வந்துட்டேம்மா. மன்னிச்சிடுங்க" என்றாள் இஷ்பெல், அழாத குறையாக.

திடீரென்று அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"இரங்கல் படிக்க வரவேண்டிய பாதிரியாரம்மாவ இன்னும் காணோம், அவங்க அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சோம்! இன்னொரு தடவ அந்தக் குறட்டைய விடு கண்ணு. ஒம்போது நாளா அந்தச் சத்தமில்லாம எனக்குத் தூக்கமே வரல."

இஷ்பெல் விட்டாள். அறையே சிரித்தது, அழுதது, கை தட்டியது. அந்த அம்மாள் அவள் கையில் சாசேஜ் ரோலைத் திணித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். இஷ்பெல்லுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புத்தகம் போனால் போகட்டும், இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மண்டபக் காவலாளி கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இங்க யாருங்க இஷ்பெல்? அடுத்த அறையில நடக்கற கவிதைக் கூட்டத்துல பாதிரியாரம்மா தப்பா நுழைஞ்சு டூகலுக்குப் படிச்ச இரங்கல் உரைய உங்க கவிதைன்னு நெனச்சு, பதிப்பாளரம்மா தேம்பித் தேம்பி அழுதுட்டாங்க. ரெண்டாவது புத்தகத்துக்கு ஒப்பந்தத்தோட நிக்கிறாங்க, சட்டுனு வந்து கையெழுத்துப் போடுங்க!"