ஊரே வேண்டாம் என்ற ஹீட்டர்

வேண்டாம்காரர் என்றோர் இனம் இருக்கிறது. பசியோடு வந்திருப்பார், சாப்பிடக் கூப்பிட்டால் "இப்பதான் சாப்பிட்டேன்" என்பார். கால் கடுக்க நிற்பார். நாற்காலியை இழுத்துப் போட்டால் "நிக்கிறதுதான் எனக்கு வசதி" என்பார். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு போகிறவரைப் பார்த்துக் காரை நிறுத்தினால், "பக்கத்துலதான், நடந்துருவேன், டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார்" என்று, வீட்டில் சும்மா இருந்த டாக்டரையும் மழைக்குள் இழுத்துவிடுவார். இவரைத் துறவி என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். துறவிக்கு எதுவும் வேண்டியதில்லை. இவருக்கு வேண்டும். நன்றாகவே வேண்டும். இரண்டு முறை மறுத்தபிறகு, கொடுப்பவர் மூன்றாம் முறையும் கேட்டு, கையில் திணித்து, "எனக்காக வாங்கிக்கோங்க" என்று கெஞ்ச வேண்டும், அப்போது வாங்கிக்கொள்வார். வாங்கியதில் தன் ஆசைக்குப் பங்கில்லை என்பது ஊரறிய நிரூபணமாகிவிட்டது அல்லவா?

இந்த இனம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனாலும் அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாவில், அதிலும் எங்கள் எல்ம் ஃபோர்க்கில், அது வளர்வதுபோல வேறெங்கும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் விருந்து முடிந்ததும் மேஜையைப் பாருங்கள். தட்டில் கடைசியாக ஒரு கேக் துண்டு இருக்கும். கடைசித் துண்டை எடுப்பவர் பேராசைக்காரர் என்பது எழுதாத சட்டம். ஆகவே ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு போவார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் எறும்பு மட்டுமே துணிந்து எடுக்கக்கூடிய அளவில் ஒன்று மிஞ்சும். அதன்மேலும் ஒரு மூடியைப் போட்டு வைப்பார்கள்.

இந்த இனத்தின் முழு லட்சணங்களும் பொருந்திய ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் ஆரின் ஹாக்ஸ்டாடைத்தான் காட்டுவேன். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டாள். வடக்கே வேலை தேடிப் போன மகள், "கொஞ்ச நாள்தான்ப்பா" என்று விட்டுப் போன நான்கு வயதுப் பேத்தி டில்டா, இன்னும் அவரோடுதான் இருக்கிறாள்.

டில்டா படிப்பது சமூகச் செயல் மையத்தின் பாலர் பள்ளியில். எங்கள் மாவட்டத்தில் செலவு கையைக் கடிக்கும் குடும்பங்களுக்காக இருக்கிற இடம் அது. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி, குளிர்காலத்தில் வீட்டு ஓட்டைகளை அடைக்க ஆள், மாதாமாதம் குடும்ப விருந்து, தகப்பன்மாரையும் பிள்ளைகளையும் ஒரே தோசைக்கல்லின் முன் நிறுத்தி அப்பம் சுட வைத்துக் கையைச் சுட்டுக்கொள்ள வைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். ஆரின் எதையும் தவறவிட்டதில்லை. வந்ததும் வாசலிலேயே, "உதவி செய்யலாம்னு வந்தேன்" என்று அறிவித்துவிடுவார். நாற்காலி அடுக்குவார், காபி ஊற்றுவார், எல்லோருக்கும் பரிமாறுவார். தான் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. கிளம்பும்போது மட்டும், "மிஞ்சினது இருந்தா நாய்க்குக் குடுங்க" என்று ஒரு டப்பாவை நீட்டுவார்.

அவரிடம் நாய் கிடையாது. அது ஊருக்கே தெரியும். டப்பாவில் இறைச்சியோடு ஒரு துண்டு கேக்கும், சில நாள் டில்டாவுக்குப் பிடித்த சாக்லேட் பாலும் போய்ச் சேரும். அந்த நாயின் ருசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்டோபரில் அவர் வீட்டு நிலவறையில் இருந்த பெரிய ஹீட்டர், வீடு முழுவதையும் சூடாக வைத்திருந்த ஒரே யந்திரம், ஓர் இருமல் இருமி நின்றுபோயிற்று. எங்கள் ஊர்க் குளிரில் ஹீட்டர் இல்லாத வீடு வீடில்லை, ஐஸ் பெட்டி. அவர் யாரிடமும் சொல்லவில்லை. டில்டா சொன்னாள். "எங்க வீட்ல பேசினா வாயிலேருந்து புகை வரும்" என்று பள்ளியில் பெருமையாகவே சொன்னாள்.

அந்தச் சமயத்தில் மையத்துக்கு ஒரு புது ஹீட்டர் நன்கொடையாக வந்திருந்தது. அதைக் கொடுக்கும் பொறுப்பு ஹோதனுக்கு. சோமாலியக் குடும்பத்துப் பெண், மினியாபொலிஸ் நகரத்தில் வளர்ந்தவள், வேலைக்குப் புதிது. அவள் முதலில் ஒரு வீட்டில் கேட்டாள். "எங்களுக்கு எதுக்கு? லின்ட்க்விஸ்ட் வீட்ல பாவம், ஜன்னலே சரியில்ல" என்றார்கள். லின்ட்க்விஸ்ட் வீட்டில், "எங்களவிட வெர்னா தனியா இருக்கா" என்றார்கள். வெர்னா, "அடப் போம்மா, ஆரினுக்குக் குடு, சின்னப் புள்ளைய வெச்சிருக்கான்" என்றாள். ஹீட்டரை ஊரே சேர்ந்து உதைபந்து விளையாடி ஆரின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

"ஆரின் சார், உங்க ஹீட்டர் ஓடலையாமே?"

"ஓடலன்னு யாரு சொன்னா? ஓய்வெடுக்குது."

"மையத்துல புதுசு ஒண்ணு இருக்கு. திங்கக்கிழமை ஆளுங்க வந்து மாட்டிக் குடுப்பாங்க. உங்களுக்குத் தரலாம்னு…"

ஆரினின் வயிற்றுக்குள் ஒரு சூடு பரவியது. வாய் தன் வழக்கமான வேலையைச் செய்தது. "ஐயையோ, எனக்கெதுக்கும்மா? என்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு! அவங்களுக்குக் குடுங்க."

இந்த இடத்தில் ஹோதன், "அதெல்லாம் முடியாது, நீங்கதான் வாங்கிக்கணும்" என்று சொல்லியிருக்க வேண்டும். எல்ம் ஃபோர்க்கில் பிறந்த பூனைகூட அப்படித்தான் சொல்லியிருக்கும். அவளோ, "சரிங்க சார். உங்க முடிவை மதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஆரின் கதவைச் சாத்தாமல் நின்றார். மதிக்கிறாளாமே! இப்படியும் ஒரு பெண் மனசாட்சியில்லாமல் மதிப்பாளா?

ஹோதனைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுடைய அம்மா வீட்டில் ஒரு விருந்தாளி சாப்பிடாமல் வெளியேற வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத்தான் குதிக்க வேண்டும். அப்படி வளர்ந்தவளை உட்காரவைத்து மையத்தில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், உதவி பெறுகிறவருக்கும் தன்மானம் உண்டு என்றார்கள். நல்ல பாடம்தான். எல்ம் ஃபோர்க்கை ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை பூசணி விழா. அது முடிவதற்குள் ஊரில் யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் ஹீட்டர் பக்கத்து டோவர் லேக்குக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் வெட்கம்கெட்டவர்கள், கேட்டதுமே வாங்கிக்கொள்வார்கள் என்பது எங்கள் ஊரின் உறுதியான அபிப்பிராயம்.

விழா மையத்தின் கூடத்தில் நடந்தது. வாசலை ஒட்டி அந்த ஹீட்டர் ரிப்பன் கட்டி நின்றது. அதன் தலையில் காபிப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள். பூசணிக்காய் வேஷத்தில் பிள்ளைகள் ஓடின. ஆரின் காபி ஊற்றிக்கொண்டிருந்தார், கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள் வெர்னா. டில்டா, கூடத்தைச் சூடாக்கச் சுவரில் ஓடும் வெந்நீர்க் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தொப்பி, கையுறை, மேல்கோட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

ஹோதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா ஆரின், ஒரு துண்டு கேக் எடுத்துக்கோ" என்றாள் வெர்னா.

"வேண்டாம் வெர்னா. வயிறு ஃபுல்லா இருக்கு."

"நெஜமாவா? நான் சுட்டது."

"வந்தவங்களுக்கு இருக்கட்டும்."

"வந்தவங்க தின்னுட்டுத்தான் நிக்கறாங்க. இந்த ஓரம் சரியா வெந்துருக்கான்னு பார்த்துச் சொல்லேன்."

"பார்த்துச் சொல்லணும்னா… சரி, குடு." இரண்டே வாயில் பார்த்து முடித்தார்.

ஹோதனுக்கு அப்போது புரிந்தது. இது என் அம்மா வீடுதான். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நேரே ஆரினிடம் வந்தாள். "சார், அந்த ஹீட்டர் விஷயம். இன்னொரு தடவை கேட்டுக்கறேன். நீங்களே வெச்சுக்கறீங்களா?"

ஆரினின் காதில் மணியடித்தது. இரண்டாவது! எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. "அட, அதை விடும்மா. எனக்குக் குளிரு பழக்கம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவதற்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

ஹோதனும் வாயைத் திறந்தாள். அந்த விநாடியில்தான் ஒலிபெருக்கி, "ஹோதன் எங்கிருந்தாலும் பூசணிக்காய் எடைபோடும் மேடைக்கு வரவும்" என்று அலறியது. போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆரின் காபி ஊற்றவில்லை. ஹோதன் போகிற இடமெல்லாம் கூடவே போனார். எடைபோடும்போது தராசுக்குப் பின்னால் நின்றார், பரிசு கொடுக்கும்போது காரணமில்லாமல் கைதட்டினார். ஒருவழியாக அவள் திரும்பியதும், "என்கிட்ட ஏதோ கேக்க வந்தீங்களே?" என்றார்.

"மன்னிச்சிருங்க சார். ஒரு தடவைக்கு மேல கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. நான் ரெண்டு தடவை கேட்டுட்டேன். எங்க மேலதிகாரி பார்த்துட்டாங்க, இப்பதான் கண்டிச்சாங்க."

"அதனால என்ன, கேட்டா தப்பா?"

"உங்க மனசு புண்பட்டிருக்கும்ல?"

ஆரினின் மனசு புண்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அதற்கான காரணத்தை வெளியே சொல்ல முடியாது. தொண்டையைச் செருமினார். எங்கள் ஊரில் வேண்டியதை வாங்குவதற்கு ஒரு பின்கதவு உண்டு. கொடுப்பவருக்கு ஒத்தாசை செய்வதுபோல வாங்கிக்கொள்வது. அதைத் தட்டிப் பார்த்தார். "அது பாவம், வாசல்ல வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. உங்களுக்குத் தொந்தரவா இருந்தா…"

"தொந்தரவே இல்ல சார்!" என்றாள் ஹோதன் மலர்ச்சியாக. "காபி வைக்க எவ்வளவு வசதியா இருக்கு!"

பின்கதவும் சாத்தியாயிற்று. கூட்டம் கலையத் தொடங்கியது. டோவர் லேக்குக்குப் போகும் வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. ஆரின் டில்டாவிடம் போய்க் கோட்டை எடுத்து நீட்டினார்.

அவள் குழாயை விட்டு நகரவில்லை. "தாத்தா, நாம இங்கயே தூங்கலாமா?"

"எதுக்குடா கண்ணு? நம்ம வீட்லதான் நல்ல கம்பளி இருக்கே."

"கம்பளி இருக்கு. மூக்கு வெளில இருக்கே."

ஆரின் அந்த மூக்கைப் பார்த்தார். கூடத்துச் சூட்டில் அது இப்போதுதான் தன் சொந்த நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு மனிதர் தனக்கு வேண்டாம் என்றால், அடக்கமோ அகந்தையோ, அவர் பாடு என்று விட்டுவிடலாம். இத்தனை நாளாகத் தான் சொல்லிவந்த "வேண்டாம்" என்ற சொல்லை இரவெல்லாம் சுமந்தது யாருடைய மூக்கு என்று அவருக்கு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. கொஞ்சம் லேட்டுதான். லாரியில் பால் ஏற்றும்போது இப்படித் தாமதித்திருந்தால் அவ்வளவும் திரிந்திருக்கும்.

திரும்பி வந்தார். ஹீட்டர் தலையிலிருந்த காபிப் பாத்திரத்தைத் தூக்கி மேஜையில் வைத்தார். ஹோதன் பார்த்தாள். வெர்னா பார்த்தாள். கோட்டில் ஒரு கையை நுழைத்தவர்கள் மறு கையை நுழைக்க மறந்து பார்த்தார்கள்.

"வேணும்" என்றார் ஆரின்.

"என்ன சார்?"

"இது. எனக்கு வேணும்."

எல்ம் ஃபோர்க்கில் அந்தச் சொல்லை ஒருவர் பொது இடத்தில் முழுக்குரலில் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெர்னாவின் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது. பாவம் ஹோதன், சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் கற்ற புதுப் பாடத்தை அங்கேயே காட்டினாள். "நெஜமாத்தானே சார்? வேணுமா?"

கேட்டதுதான் தாமதம், அறுபது வருஷப் பழக்கம் ஆரினின் வாயைத் திறந்துவிட்டது. "அதுவந்து, வேற யாருக்காவது…"

தட்டில் யாரும் எடுக்காத கடைசிக் கேக் துண்டு, பாதி பாதியாகித் தேய்ந்தும் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வெர்னா அதை அப்படியே அள்ளி அந்தத் திறந்த வாயில் அடைத்தாள்.

"மாட்டச் சொல்லும்மா" என்றாள் ஹோதனிடம். "அவன் மென்னு முடிக்கறதுக்குள்ள சொல்லிரு."

திங்கட்கிழமை மாட்டினார்கள். டில்டாவின் மூக்கு சௌக்கியமாக இருக்கிறது. ஆரின் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். போன வாரம் கடைத்தெருவில் யாரோ புது ஹீட்டரைப் பற்றி விசாரித்தபோது, "நான் எங்க கேட்டேன்? அவங்க வாசல்ல எடமில்லாம கஷ்டப்பட்டாங்க" என்றாராம். இந்த இனம் திருந்தாது. எப்போதாவது ஒருமுறை, வேறொருவர் மூக்குக்காக, தடுமாறும். அதற்கு மேல் நான் அதைப் புகழ மாட்டேன்.

என்ன சிரிக்கிறீர்கள்? சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குப் போயிருந்தீர்களே. "காபி சாப்பிடறீங்களா?" என்றார்கள். "வேண்டாங்க, இப்பதான் குடிச்சுட்டு வரோம்" என்றீர்கள். நல்ல மனிதர்கள், சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள். தெருமுனை திரும்பியதும் கூட வந்தவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஒரு வாய் காபி குடுக்க மனசு வரல பாருங்க." ஞாபகம் இருக்கிறதா?

அது நீங்கள் இல்லையா? வேறு யாரோவா? சரி, உங்கள் முடிவை மதிக்கிறேன். நான் ஒருமுறைக்கு மேல் கேட்பதில்லை.