வெளியே வர மாட்டேன்

பதினான்காம் அறைக் கைதி வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகச் சிறை இயக்குநர் ஸி தாஹிர் தொலைபேசியில் சொன்னபோது, மிலூத் அதைத் தினசரிக் கலாட்டா என்றுதான் நினைத்தான்.

“எந்த விசாரணைக்குக் கூப்பிட்டீங்க ஐயா?”

“விசாரணையா? வீட்டுக்குப் போகச் சொன்னேன்யா! இன்னிக்குக் காலையோட தண்டனை முடிஞ்சு போச்சு. போக மாட்டேங்கிறான்.”

மிலூத் சிறைத்துறை அதிரடிப் படையின் தலைவன். அவனுக்குக் கீழே எட்டுப் பேர். கறுப்புச் சட்டை, கறுப்பு முகமூடி, மார்பில் கவசம். ஐன் சித்ரா ஊருக்குள் அவர்களுடைய வண்டி போனால் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். ஆனால் பதினோரு மாதமாக இந்தப் படை செய்த ஒரே காரியம், சிறைத் தோட்டத்துக்குள் புகுந்த கழுதையைப் பிடித்து வெளியே விட்டதுதான். ‘அந்தப் பகுதிக்கு இப்படியொரு படை அவசியமா?’ என்று தலைநகர் ரபாத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருகிறார்.

“பகல் பன்னெண்டு மணிக்கு மேல ஒரு நிமிஷம் அவன் உள்ள இருந்தாலும் சட்டவிரோதக் காவல்,” என்றார் ஸி தாஹிர். “எவனாவது வக்கீல் மோப்பம் பிடிச்சான்னா அந்த அறையில நான்தான் உக்காரணும்.”

“பத்து நிமிஷத்துல தூக்கிடறோம் ஐயா,” என்றான் மிலூத்.

அப்போது மணி ஒன்பதே கால்.

பதினான்காம் அறை வாசலில் காவலர் புஷ்தா நின்றிருந்தார். சிறையின் அந்தப் பகுதிக்கு அவர் மாற்றலாகி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“ஜிலாலி, உனக்கு விடுதலை, வாய்யான்னு கூப்பிட்டேன். வரலைன்னுட்டான்,” என்றார் புஷ்தா. “சாவித் துவாரத்துல சோப்பை அடைச்சு வெச்சிருக்கான். பார்க்கிற ஓட்டையில கம்பளியைத் திணிச்சிருக்கான். கட்டிலை வேற கதவோட சேர்த்துக் கட்டி வெச்சிருக்கான்.”

“நீங்க எல்லாரும் வெளிய போங்க. இனிமே இது எங்க பொறுப்பு,” என்றான் மிலூத். புஷ்தா நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனார்.

மிலூத் தொண்டையைச் செருமிக்கொண்டான். பயிற்சியில் மனப்பாடம் செய்த வாசகங்கள் எல்லாம் உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பதற்கானவை. ‘அசையாதே’, ‘படு’, ‘கையைத் தலைமேல் வை’. வீட்டுக்குப் போகச் சொல்லி மிரட்ட ஒரு வாசகமும் இல்லை.

“டேய்! மரியாதையா வீட்டுக்குப் போறியா இல்லையா?”

“போக மாட்டேன் தலைவரே,” என்றது உள்ளிருந்து ஒரு குரல், பணிவாக. “வாசல்ல என் மச்சினனுங்க மூணு பேர் காத்திருக்கானுங்க. மூணு பேரும் கசாப்புக் கடை. அவனுங்க தங்கச்சிய நான் அழவெச்சேன்னு, அஞ்சு வருஷமா கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்கானுங்க. எனக்கு இந்த அறை போதும்.”

மிலூத்துக்கு இரண்டு மச்சினர்கள். அவனால் அதைப் புரிந்துகொள்ள முடிந்தது.

“அவ்வளவுதானே?” என்றவன், உதவியாளன் ஹம்முவையும் இன்னொருவனையும் வாசலுக்கு அனுப்பினான். போன வேகத்தில் வாசலில் பெரும் கூச்சல். ஹம்மு மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“மூணு தடிப்பயலுங்களையும் குப்புறப் படுக்க வெச்சுட்டோம்ணே! மூணு பேர் கையிலயும் கொக்கி!”

பின்னாலேயே சமையல் கண்காணிப்பாளர் வந்தார், கரண்டியோடு. “அவனுங்க உருளைக்கிழங்கு மூட்டை இறக்க வந்தவனுங்கய்யா! எழுப்பி விட்டதும் கோவிச்சுக்கிட்டு, மூட்டைய இறக்காமலே லாரிய எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. மதியம் அறுநூறு பேருக்கு நான் என்னத்தப் போடறது? உன் முகமூடியவா?”

“அவனுங்க இல்ல தலைவரே,” என்றது உள்ளேயிருந்து குரல். “என் மச்சினனுங்க ஒளிஞ்சிருப்பானுங்க.”

“இடிடா கதவை!” என்றான் மிலூத்.

நான்கு பேர் இரும்பு உருளையைத் தூக்கி வந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி இடித்தார்கள். சிறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அது யாருக்கும் நினைவில்லை. ஏழாவது இடியில் கதவு உள்பக்கமாக வளைந்து, சட்டத்தோடு சேர்ந்து இறுகிக்கொண்டது.

“இப்ப நான் வரணும்னு நெனைச்சாக்கூட வர முடியாது போலிருக்கே,” என்றது குரல், வருத்தமாக.

மணி பத்தே முக்கால். ஸி தாஹிர் வந்து பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு போனார்.

அடுத்தது மிளகாய்ப் புகை. கதவுக்கு அடியிலிருந்த இடுக்கு வழியாக அடித்தார்கள். உள்ளே இருந்தவன் ஈரக் கம்பளியால் அந்த இடுக்கையும் அடைத்துவிட்டான். புகைக்குப் போக வேறு இடமில்லை. திரும்பி நடைக்கூடத்தில் பரவி, படியேறி, மேலே இருந்த பதிவேட்டு அலுவலகத்துக்குள் புகுந்தது. வெளியே போகிறவர்களின் கைரேகையையும் புகைப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ருகையா, கண்ணை மூடிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்து, கைக்குக் கிடைத்த கறுப்புச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எந்தப் புண்ணியவான் வேலைடா இது?”

அந்தச் சட்டைக்குள் மிலூத் இருந்தான். அவனும் கண்ணீர் வழிய இருமிக்கொண்டிருந்தான். பாதுகாப்பு மூக்குக்கவசங்கள் ஒன்பதும் வண்டியில் பத்திரமாக இருந்தன.

பதினொன்றே காலுக்கு மிலூத் வளைந்த கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். முகமூடியைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“தம்பி,” என்றான். “எனக்கும் குடும்பம் இருக்கு. வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. நீ வெளிய வரலைன்னா என் படையையே கலைச்சிடுவாங்க. உனக்கு என்னதான் வேணும்? சொல்லு.”

உள்ளே கதவருகே நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

“நீங்க இப்படித் தன்மையாக் கேக்குறதால சொல்றேன் தலைவரே. மச்சினனுங்க கண்ணுல நான் படக்கூடாது. உங்க சட்டை ஒண்ணு, முகமூடி ஒண்ணு கொடுங்க. உங்க ஆளு மாதிரி உங்க வண்டியிலயே ஏத்திக்கிட்டு, வாசல்ல நிறுத்தாமக் கொண்டுபோய் டாக்சி நிக்கிற இடத்துல விட்டுடுங்க. அது போதும்.”

மிலூத்துக்கு அது நியாயமாகவே பட்டது. ஹம்முவின் உடையைக் கழற்றச் சொன்னான். ஹம்மு உள்பனியனோடு நடுங்கிக்கொண்டு நின்றான்.

“கதவைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல,” என்றான் மிலூத்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

உள்ளே ஏதோ கடகடவென்றது. இடிபட்டுத் தளர்ந்திருந்த கீல் பக்கமிருந்து கதவு அப்படியே கழன்று விழுந்தது. தலையோடு கம்பளி போர்த்திய ஒருவன் வந்து, எல்லாருக்கும் சலாம் சொல்லி, உடையை வாங்கி மாட்டிக்கொண்டான். சட்டை கச்சிதமாகப் பொருந்தியது.

பதிவேட்டு அலுவலகத்தில் யாரும் இல்லை. ருகையா முற்றத்துக் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கைரேகை வைக்கணுமே!” என்று அங்கிருந்தே கத்தினாள். “ஒரு அரை மணி நேரம் பொறுங்க!”

“அரை மணி பொறுத்தா பன்னெண்டு தாண்டிடும்!” என்ற மிலூத், விடுதலைப் பதிவேட்டில் ‘நேரில் சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் தானே கையெழுத்துப் போட்டான்.

வாசற்காவலர்கள் அதிரடிப் படை வண்டிக்கு வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். டாக்சி நிறுத்தத்தில் அந்த மனிதன் இறங்கி, மிலூத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. மிளகாய்ப் புகையாகவும் இருக்கலாம்.

“உங்கள மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததே இல்ல தலைவரே. உடுப்பை அப்புறம் அனுப்பி வைக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு, தெற்கே போகும் டாக்சியில் ஏறிக்கொண்டான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிலூத் இயக்குநரின் அறையில் உட்கார்ந்திருந்தான். ஸி தாஹிர் தன் கையாலேயே புதினாத் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினார். ரபாத்துக்குப் பேசிவிட்டார். சட்டவிரோதக் காவல் எதுவும் இல்லை, படை பிரமாதமாக வேலை செய்தது என்று சொல்லியாகிவிட்டது.

“கதவு போனா போகட்டும்,” என்றார். “மானம் தப்பிச்சுது. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லாம அனுப்பி வெச்சியே, அதுதான்யா திறமை.”

மிலூத் அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தான்.

கதவு தட்டப்பட்டது. சிறை மருத்துவமனை ஊழியர் ஒருவர், கன்னம் வீங்கிய ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வீங்கிய கன்னத்துக்காரன் வாயிலிருந்த பஞ்சை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, குனிந்து வணங்கினான்.

“மன்னிக்கணும் ஐயா, நான்தான் ஜிலாலி. விடியகாலையிலயே பல்லுப் புடுங்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, இப்பதான் விட்டாங்க. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அதே அறையில கூட இருந்த மாத்திங்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு பார்த்தா அறையில ஆளையே காணோம், அவனுக்கு இன்னும் பதினாறு வருஷம் பாக்கி இருக்கே?”