போர் ஆராய்கிற மகனுக்குக் கல்யாண ஓலை

ராயபுரம்,
24-1-1972

டில்லியில் போர் ஆராய்ச்சி நிலையம் நடத்தும் பேராசிரியர் கருணாகரன் ஐயா அவர்களுக்கு, துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்ற லூயிஸ், தங்களிடம் வேலை பார்க்கும் யேசுதாஸின் தகப்பன், கும்பிட்டு எழுதுவது. மாதா தயவில் நாங்கள் சுகம். தங்கள் நிலையத்திலும் சண்டை சச்சரவில்லாமல் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

என் மகன் கல்யாணம் நடக்கப் போவது தங்களால்தான். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். சண்டை ஓய்ந்த ஊருக்குப் போய், சிப்பாயையும் ஓடிவந்த சனத்தையும் விசாரித்து எழுதுகிற வேலை என்றால் யார் பெண் கொடுப்பார்கள், அதனால் டில்லியில் புஸ்தகம் அடுக்குகிற வேலை என்று சொல்லிவிட்டேன், அதுவும் முழுப் பொய்யில்லை, அவன் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். முதல் ஓலை நல்லபடியாகப் போனது. இரண்டாவது ஓலைக்குப் பெண்ணின் அத்தை இருதயம்மாள் எழுந்துவிட்டாள்.

"சாமி, மாப்ள பட்டாளத்துக்காரன். பேப்பர்ல போட்டா வந்துகீது, பதுங்கு குழியாண்ட நின்னுகினு கீறான்."

அவன் டில்லியில், மாட்டிக்கொண்டவன் நான். தாங்கள் அவனுக்குக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தான், அது என் சட்டைப்பையில் இருந்தது. இங்கிலீஷ், எனக்கு ஒரு எழுத்து தெரியாது, இருந்தாலும் நல்லதாகத்தானே எழுதியிருப்பீர்கள் என்று சாமியாரிடம் நீட்டினேன். அவர் எல்லோருக்கும் கேட்கத் தமிழில் படித்தார்: "குண்டு விழுவது நிற்பதற்கு முன்பே முதல் ஆளாக உள்ளே போகிறவர் யேசுதாஸ்." கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவன் அப்படிப் போகிறவன் என்று எனக்கும் அப்போதுதான் தெரியும்.

பெண்ணின் தகப்பன் ஹென்றி, கட்டுமரக்காரர், எழுந்து, "துப்பாக்கி தூக்குவானா?" என்றார்.

"நோட்டும் பேனாவுந்தான் சம்மந்தி."

"புஸ்தகம் அடுக்கறவன்னு நீ சொன்னப்பதான் எனக்கு பேஜாரா இருந்துச்சு. நானு தெனம் கடலுக்குப் போறேன், திரும்பி வருவேன்னு எழுதிக் குட்த்துட்டா கல்யாணம் கட்டிக்கினேன்? இருதயம்மா, நீ குந்து."

அவ்வளவுதான். நேற்று மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பிப்ரவரி ஏழாம் தேதி கல்யாணம். பெண் பிலோமி தங்கமான பெண். தங்கள் கடிதம் இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் ஏது. விஞ்ச் ஓட்டியவன் மகனைப் பெரிய மனிதர் நடுவில் உட்காரவைத்தீர்கள், பெற்ற எனக்குத் தெரியாத அவன் குணத்தையும் தெரிந்து வைத்திருக்கிறீர்கள், இந்த நன்றியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

தாங்கள் குடும்பத்தோடு வந்து பிள்ளைகளை ஆசீர்வதிக்க வேண்டும். ஆண்டவர் தங்கள் வாசலில் காவல் இருப்பாராக.

இப்படிக்கு,
லூயிஸ்

பின்குறிப்பு: அந்தக் கடிதத்தை இன்னும் நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எல்லோரும் அதையேதான் படிக்கிறார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது ஐயா. கல்யாணம் முடிந்த கையோடு அவனை வேலையை விட்டு நிறுத்திவிடுங்கள். இங்கே துறைமுகத்தில் அவனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நிலையத்தில் ஆள் அதிகம், அதனால் நிறுத்துகிறோம் என்று அவனிடம் சொல்லிக்கொள்ளுங்கள். நான் கேட்டதாக அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.