ஏழாம் மாடிப் பூஜ்யம்

"சார், தினமும் லிஃப்டையே வெறிச்சுப் பார்த்து என்ன எழுதுறீங்க?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டதும் இன்சூரன்ஸ்காரர் நோட்டைப் பட்டென்று மூடினார். மூடியதுதான் தப்பு. திறந்தே வைத்திருந்தால் செயலாளர் தன் வழியே போயிருப்பார்.

உண்மையைச் சொல்ல முடியாது. பங்குச் சந்தையைக் கணக்கால் அளக்கும் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் முதுகலைப் படிப்பில் சேர அவர் இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் கணிதத்தில் மண்ணைக் கவ்வியிருந்தார். இரண்டாம் முறை மாமியார், "கணக்கு வராட்டி என்ன, மாப்பிள்ளைக்குக் கோபமாவது நல்லா வருதே" என்று சொல்ல, மனைவியே சிரித்துவிட்டாள். இனி கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று அன்றே சபதம் செய்தார். மறுநாள் புதுப் புத்தகம் வாங்கினார். வயது வரம்பின்படி இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு.

இந்த முறை தேர்வுக்குப் பதில் வேறொரு சோதனை. கண்ணெதிரே நடக்கும் எதையாவது இருநூறு முறை பார்த்துக் குறிக்க வேண்டும். இப்போது இங்கே இருப்பது அடுத்து எங்கே போகும் என்று வாய்ப்புகளின் அட்டவணை போட வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரிசை; அதிலுள்ள வாய்ப்புகளைக் கூட்டினால் ஒன்று வர வேண்டும். பங்கு விலையைப் பற்றிக் கேட்பதும் கடைசியில் இதே கேள்விதானாம். அவர் கண்ணெதிரே இருந்தது லிஃப்ட். மாலை ஆறு மணிக்கு "வாக்கிங்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கீழே இறங்குவார். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, லிஃப்டின் தலையில் ஒளிரும் மாடி எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்.

"லிஃப்ட் சரியா ஓடுதான்னு பார்க்கிறேன் சார்" என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் ஸ்டூலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவருக்கு லிஃப்டில் ஃபேன் ஓடவில்லை. இன்னொருவருக்கு அதிலுள்ள கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிகிறது. அது கண்ணாடியின் கோளாறு இல்லை என்ற பதில் நுனிநாக்கு வரை வந்தது.

"ஐயோ, நான் ரிப்பேர் பார்க்கிறவன் இல்லைங்க. லிஃப்ட் எத்தனை தடவை போகுது, வருதுன்னு மட்டும்தான் குறிக்கிறேன்."

அவ்வளவுதான். தடவைக்கு இவ்வளவு என்று வசூலிக்கப் போகிறார்கள் என்ற செய்தி எல்லா மாடிக்கும் லிஃப்டைவிட வேகமாக ஏறியது. அடுத்த நாள் ஒருவரும் லிஃப்டைத் தொடவில்லை. ஐந்தாம் மாடிக்காரர் காய்கறிப் பையோடு மூச்சிரைக்கப் படியேறும்போது இவரை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனார். நோட்டில் கணக்கு அறுபத்து மூன்றோடு நின்றுவிட்டது.

பதறிப்போய் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'லிஃப்டுக்குக் கட்டணம் இல்லை. அனைவரும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.'

"இப்படிக் கெஞ்சிக் கூப்பிடுறாங்கன்னா உள்ளே ஏதோ இருக்கு" என்றார் செயலாளர். "கம்பி தேஞ்சிருக்கும்."

அதன்பிறகு குழந்தைகளைக்கூட யாரும் லிஃப்ட் பக்கம் விடவில்லை.

இதில் மகிழ்ந்தவர் மாமியார் ஒருவர்தான். இந்தக் கட்டடத்துக்கு வந்த நாள் முதல் அவர் மூன்றாம் மாடியிலுள்ள வீட்டுக்குப் படியில்தான் ஏறுவார். "மனுஷங்களைப் பெட்டியில போட்டு மூடித் தூக்குறதெல்லாம் ஒரு சவாரியா? இப்பத்தான் எல்லாருக்கும் புத்தி வந்திருக்கு" என்றார்.

கெடு முடிய மூன்று நாள். இன்சூரன்ஸ்காரர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதினார்: 'இன்னும் 137. ஏழாம் மாடி வரிசை முழுக்கப் பூஜ்யம். கூட்டினால் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் நான் தொலைந்தேன்.' எழுதிய நோட்டின் மேலேயே தலை வைத்துச் சற்றுக் கண்ணயர்ந்தார். விழித்தபோது பக்கத்தில் ஒரு காபி ஆறிப்போயிருந்தது.

அன்று மாலை, மூன்றாம் மாடியில் சும்மா நின்ற லிஃப்ட் திடீரென்று அசைந்தது. ஏழுக்குப் போனது. மூன்றுக்கு வந்தது. மறுபடி ஏழு, மறுபடி மூன்று. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஏழாம் மாடியான மொட்டைமாடியில் தக்காளிச் செடி வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றப் போகிறார் போலும். நல்ல மனுஷர், நன்றாக ஊற்றட்டும்! மூன்றாம் நாள் மாலை, இருநூறாவது பதிவாக ஏழுக்குப் போன லிஃப்ட் அங்கேயே நின்றுவிட்டது. அவர் படிகளில் பாடிக்கொண்டே ஏறி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் நேர்முகத்தில் பேராசிரியை நோட்டைப் புரட்டிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முதல் அறுபத்து மூணுல ஏழாம் மாடியே இல்லை. அப்புறம் மூணையும் ஏழையும் தவிர வேற எதுவும் இல்லை. வீட்டுல உட்கார்ந்து எழுதினதா?"

பொய் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று அவருக்குத் தோன்றியது.

"இல்லைங்க மேடம். எல்லாம் என் வாயால வந்தது." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "பார்க்கிறவன் வாயைத் திறந்ததும் பார்க்கப்படுறது மாறிடுச்சு. அதனால பயத்துக்கு முன்னாடி ஒரு அட்டவணை, பின்னாடி ஒரு அட்டவணைன்னு பிரிச்சுட்டேன். ரெண்டாவதுல இருக்கிறது கூட்டம் இல்லை மேடம். ஒரே ஒரு ஆள். சரியான பிடிவாதக்கார ஆள்."

"சந்தையிலயும் அப்படி ஒருத்தர் இருப்பார்." பேராசிரியை சிரித்தார். "சரி, கடைசித் தடவை மேலே போனது ஏன் இறங்கலை?"

"அது தெரியலைங்க மேடம்."

"இன்னைக்குத் தெரியலைன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். வாங்க, வந்து சேர்ந்துக்குங்க!"

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே கத்தினார். "கிடைச்சிடுச்சு! நான் வாக்கிங்கே போகலை, கணக்குத்தான் போட்டேன்!" மனைவி கரண்டியோடு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு உயரம் ஓர் அடி கூடியிருந்தது.

"முதல்ல எதிர்வீட்டு டாக்டருக்கு நன்றி சொல்லணும்" என்று செருப்பை மாட்டினார்.

சோபாவில் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்த மாமியார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"டாக்டர் ஊருக்குப் போய் ஒரு வாரம் ஆச்சு மாப்பிள்ளை. அறுபத்தொன்பதாவது தடவை மேலே போனதும் தலை சுத்தி நான் மொட்டைமாடியிலயே உட்கார்ந்துட்டேன். அதை விடுங்க, அந்த வரிசையைக் கூட்டினா இப்ப ஒண்ணு வருதா?"