பின்வாசல் வழியாக வரவும்

காலை ஒன்பதரை மணிக்குள் ஹம்ஃப்ரி பெவரிலுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன. தன்னுடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை.

"இறங்கலைன்னா?" என்று கேட்டார் நிர்வாகி மிஸ் லட்குரோவ்.

"ஏறுதுங்கம்மா."

மிஸ் லட்குரோவ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தன் கறுப்புப் பாவாடையின் உள்மடிப்பிலிருந்து செல்போனை எடுத்து, திரைச்சீலைக்குப் பின்னால் போய், யாருக்கோ ரகசியக் குரலில் பேசிவிட்டு வந்தார்.

"பிளம்பர் கடையில சொல்லியாச்சு. பத்து மணிக்குள்ள ஆள் வரும். முன்வாசல்ல மட்டும் விட்டுடாதீங்க பெவரில். இன்னைக்குப் பார்த்து அந்த மார்க் போடுறவங்க வந்து நின்னா என்ன செய்யிறது?"

எங்கள் தார்ன்பியில் வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட இருப்பது தார்ன்பி மாளிகை ஒன்றுதான். அதற்குள் நுழைந்துவிட்டால் விக்டோரியா மகாராணி இன்னும் சாகவில்லை. பட்லர் குனிந்து வரவேற்பார். பணிப்பெண் கணப்படுப்பின் முன் மண்டியிட்டுத் துடைப்பாள். சீட்டு வாங்கி வந்தவர்கள் அதைப் பார்த்து, அந்தக் காலம் எவ்வளவு அழகு என்று பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு விடுகிறவர்களில் பாதிப்பேரின் கொள்ளுப்பாட்டி மண்டியிட்டுத் துடைத்தவள்தான். அதை யாரும் நினைத்துக்கொள்வதில்லை.

1901-இல் மகாராணி கண்ணை மூடினார். அதற்குப் பிறகு பிறந்த எந்தப் பொருளும் மாளிகையில் கண்ணில் படக்கூடாது என்பது மிஸ் லட்குரோவின் சட்டம். ஹம்ஃப்ரியின் பிளாஸ்டிக் கண்ணாடிக்கும் அதனால்தான் தடை. அவர் அதை உள்சட்டைப் பையில் ஒளித்துவைத்து, தனியாக இருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்வார். அது இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு வரிசைதான்.

பழைய மாளிகைகளுக்கு மதிப்பெண் போடும் சங்கத்திலிருந்து இந்த வாரம் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். முழு மதிப்பெண்ணான ஐந்து கிரீடம் கொடுத்தால் மாளிகை இப்படியே நடக்கும். குறைந்தால் இலையுதிர்காலத்திலிருந்து அது கல்யாண மண்டபம். கல்யாண மண்டபத்துக்கு பட்லர் வேண்டாம்.

ஹம்ஃப்ரி இருபத்தாறு வருடம் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டியவர். அத்தனை வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியவர்கள் சில்லறை கேட்டவர்கள்தான். இங்கே வால்வைத்த கோட்டும் வெள்ளைக் கையுறையும் போட்டு நின்றால் சின்னக் குழந்தைகள்கூட வாயைப் பொத்திக்கொள்கின்றன. ஐம்பத்தொன்பது வயதில் கிடைத்த இந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் இல்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது.

"பிளம்பர் வந்தாச்சு போல," என்றார் மிஸ் லட்குரோவ், மாடி ஜன்னலிலிருந்து. "வண்டியைப் பாருங்க, வாசலை மறைச்சுக்கிட்டு. எதையாவது போட்டு மூடுங்க."

ஹம்ஃப்ரி இழவு வீட்டுக் காட்சிக்காக வைத்திருந்த கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். வேனில் ஆள் இல்லை. பக்கவாட்டில் பெரிதாக என்னவோ எறும்பு வரிசை. கூரையிலிருந்து சக்கரம்வரை போர்த்திவிட்டுத் திரும்பினால், முன்படியில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். கருநீலக் கோட்டு, நல்ல தோல் காலணி, கையில் கனமான தோல் பை. கழுத்தை வளைத்துக் கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க் போட வந்தவர் இவர்தான் என்று ஹம்ஃப்ரிக்குப் புரிந்துவிட்டது. சும்மா வந்த யாரும் மழைநீர்க் குழாயைப் பார்ப்பதில்லை.

"காலையில போன் பண்ணி..." என்று அந்தப் பெண்மணி ஆரம்பித்தார்.

ஹம்ஃப்ரி கையுறைக் கையை உயர்த்தினார். "மன்னிக்கணும் அம்மா. இந்த வீட்டு வாசப்படியில சீமாட்டிகள் வந்த காரியத்தைச் சொல்ற வழக்கம் இல்ல. பேர் போட்ட அட்டையைத் தட்டுல வச்சாப் போதும்."

வெள்ளித் தட்டை நீட்டினார். பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தார். பணக்கார வீடுகளில் இதைவிடக் கிறுக்கர்களை அவர் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கால முறைப்படி ஹம்ஃப்ரி அட்டையோடு தட்டைக் கூடத்து மேசைமேல் வைத்துவிட்டு, அவரை வரவேற்பறைக்கு அழைத்துப்போனார்.

"பிரச்சினை எங்க இருக்கு?" என்றார் பெண்மணி, நாற்காலியில் உட்காராமலே.

ஹம்ஃப்ரிக்கு வியர்த்தது. அதற்குள் மூக்குக்கு எட்டிவிட்டதா?

"பிரச்சினையா? இந்த வீட்டுல பிரச்சினையே கிடையாதுங்கம்மா."

"வாசல்லயே வாடை வருதே."

"அது... பழைய வீட்டு வாசனைங்கம்மா. நூத்தம்பது வருஷத்து வாசனை."

"அவ்வளவு பழசாத் தெரியல," என்றார் பெண்மணி.

வாசல் மணி அடித்தது. ஹம்ஃப்ரி ஓடினார். படியில் கசங்கிய மழைக்கோட்டும் சேறு படிந்த பூட்ஸுமாக ஒரு ஆள்.

"வீட்டைப் பாக்கச் சொல்லி அனுப்பினாங்க," என்றார் அந்த ஆள்.

"சத்தமாப் பேசாத. பின்பக்கமாப் போ."

"பின்பக்கமா?"

"வேலைக்கு வர்றவங்க முன்வாசல்ல வர்ற வழக்கம் இங்க இல்ல. இடப்பக்கம் திரும்பி, கரிக்கிடங்கைத் தாண்டிப் போ. கீலின்னு ஒருத்தி இருப்பா. தொப்பியை எடு முதல்ல."

அந்த ஆளின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தொப்பியை எடுத்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் போனார்.

ஹம்ஃப்ரிக்கு ஒரு கணம் என்னவோ செய்தது. அவருடைய அம்மா எட்னா, மலைச்சாலைப் பங்களாக்களில் நாற்பது வருடம் தரை துடைத்தவள். ஒரு வீட்டிலும் முன்வாசல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இப்போது அம்மாவை நினைக்க நேரமில்லை.

பின்கட்டில் பணிப்பெண் வேடம் கட்டும் கீலி ஸ்டப்ஸ், வந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாமான் எதுவும் கொண்டுவரலையா?"

"எதுக்கு?"

"நல்ல ஆளுப்பா நீ." வாளியையும் அடுப்பு கிளறும் இரும்புக் கம்பியையும் அவர் கையில் திணித்தாள். "அதோ, அந்தக் கதவு. சீக்கிரம் பாரு. மேல பெரிய இடத்து அம்மா வந்திருக்கு."

"நானே செய்யணுமா இதை?"

"பின்ன, மகாராணி வந்து செய்வாங்களா?"

அந்த ஆள் சுற்றுமுற்றும் பார்த்தார். கீலியின் தொப்பியை, கரிபடிந்த கைகளை, மணிகள் வரிசையாகத் தொங்கும் சுவரையெல்லாம் ஒருமுறை பார்த்தார். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

வரவேற்பறையில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. வாடையை அமுக்க ஹம்ஃப்ரி ஒரு கை லாவெண்டர் பூவைக் கணப்பில் போட்டார். போதவில்லை என்று இன்னும் இரண்டு கை போட்டார். அறை முழுக்கப் புகை. பெண்மணிக்கு இருமல். இருமலுக்குத் தேநீர் கொடுத்தார். தேநீரோடு சீமைச்சோம்பு கேக் கொடுத்தார். கேக் தொண்டையை அடைத்ததால் மறுபடி தேநீர்.

"இந்தச் சுவருக்குள்ள ஓடுறது ஈயக் குழாயா?" என்று விரல்மூட்டால் சுவரைத் தட்டிக்கொண்டே கேட்டார் பெண்மணி.

"எல்லாமே அசல்தாங்கம்மா. ஒண்ணைக்கூட நாங்க மாத்தல."

"அதான் பாத்தாலே தெரியுதே."

ஹம்ஃப்ரி கூடத்துக்கு ஓடிவந்து மிஸ் லட்குரோவிடம் மூச்சுவாங்கச் சொன்னார். "ரொம்ப ஆழமான அம்மாங்க. குழாயைக்கூட விடல."

"பிளம்பர்?"

"உள்ள கைய விட்டுட்டான்."

"அதுவரைக்கும் அவங்களை நகர விடாதீங்க. தேநீர் குடுங்க."

நான்காவது கோப்பைக்குப் பிறகு பெண்மணி எழுந்து நின்றார்.

"இங்க பாருங்க. நான் வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. இப்பவாவது கழிப்பறையைக் காட்டுறீங்களா? முன்ன அதைப் பாக்கணும்னு நெனச்சேன். இப்ப அவசரமாவே போகணும்."

ஒரு சீமாட்டி வாயிலிருந்து அந்தச் சொல். ஹம்ஃப்ரி காது சிவக்கத் தரையைப் பார்த்தார். கழிப்பறையில் பிளம்பர். மாடியில் இருப்பது பணியாளர்களுடையது, அதில் பிளாஸ்டிக் மூடி. ஒரே ஒரு வழிதான் இருந்தது. படுக்கையறைக் காட்சிக்குப் போய், அந்தக் காலத்தில் ராத்திரி அவசரத்துக்குக் கட்டிலடியில் வைக்கும் நீலப்பூப் போட்ட பீங்கான் சட்டியை எடுத்து, வெள்ளைத் துணியால் மூடி, தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தார்.

பெண்மணி துணியின் ஓரத்தைப் பிடித்தார்.

"இன்னும் கேக்கா?" என்று கேட்டுக்கொண்டே துணியைத் தூக்கினார். சட்டியை ஒருமுறை பார்த்தார். ஹம்ஃப்ரியை ஒருமுறை பார்த்தார்.

"திரை கொண்டுவரட்டுமாங்கம்மா?" என்றார் ஹம்ஃப்ரி, பணிவாக.

பெண்மணி தோல் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்தார். "நானே மோப்பம் பிடிச்சுப் போயிக்கிறேன். வழியை விடுங்க."

"அம்மா, அந்தப் பக்கம் வேண்டாம்," என்று சட்டியோடு ஹம்ஃப்ரி பின்னாலேயே ஓடினார். படியிலிருந்து மிஸ் லட்குரோவ் இறங்கி ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக் கதவு திறந்தது.

நனைந்த சட்டையோடு, மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஆள் கூடத்துக்குள் வந்தார். பின்னால் கீலி. எங்கிருந்தோ ஒரு பெரிய களகள சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்கிவிட்டது.

"இதுதான் உள்ள மாட்டிக்கிட்டு இருந்துது," என்று அந்த ஆள் கையை நீட்டினார். "மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்."

பழுப்பு நிறப் பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி.

காலையில் கழிப்பறைக் கோப்பைமேல் குனிந்து எழுந்து, தண்ணீர் விடும் சங்கிலியை இழுத்தது ஹம்ஃப்ரிக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. சட்டியை மேசைமேல் வைத்தார். கண்ணாடியை வாங்கி, கையுறையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். உலகம் பளிச்சென்று தெளிந்தது. சட்டிக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டு. தட்டில் அட்டை.

*ரோவீனா ஹாப்டே. குழாய், கழிவறை அடைப்பு நீக்கம்.*

ஹம்ஃப்ரி அதை இரண்டு தடவை படித்தார்.

"அடைப்பை எடுத்தாச்சா? அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார் ரோவீனா ஹாப்டே. அதோடு திறந்திருந்த கதவைப் பார்த்துக் கழிப்பறைக்கு ஓடினார்.

ஹம்ஃப்ரி மெல்லத் தலையைத் தூக்கி அந்த ஆளைப் பார்த்தார். தெளிவாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நரைத்த மீசை. நனைந்து ஒட்டிய சட்டைக் கை. குளிர்ந்து சிவந்த விரல்கள். அம்மாவின் விரல்கள் சாயங்காலம் வீடு திரும்பும்போது இப்படித்தான் இருக்கும். அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வேலை போனாலும் போகட்டும், இந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"ஐயா, நான்..." என்று ஆரம்பித்தார்.

அந்த ஆள் மழைக்கோட்டுப் பையிலிருந்து சங்கத்தின் முத்திரை போட்ட ஒரு தாளை எடுத்து, ஐந்து கிரீடங்களையும் பேனாவால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டுவிட்டு, ஹம்ஃப்ரியின் கையுறைக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இருபது வருஷமா இந்த மாதிரி வீடுகளுக்கு மார்க் போடுறேங்க. ஒரு நிமிஷம்கூட நடிக்கிற மாதிரியே தெரியாத பட்லரை இன்னைக்குத்தான் பாக்குறேன்."