தாணுலிங்கம் வாங்கிய வட்டியில்லாக் கடன்

வட்டி வேண்டாம் என்று மீரா முகைதீன் சொன்ன நாளிலிருந்து தாணுலிங்கத்துக்கு உறக்கம் போயிற்று.

கோட்டாறு சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற தாணுலிங்கம், வட்டி கட்டியே வளர்ந்த ஆள். நாள்வட்டிக்கார முருகதாஸிடம்தான் வாங்குவார். முருகதாஸ் வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவான். சாயங்காலம் பைக்கில் வந்து தவணையை வாங்கும்போது, கடையிலிருந்து ஒரு பழத்தையும் உரித்து வாயில் போட்டுக்கொள்வான். அந்தக் கணக்கில் நன்றி, விசுவாசம் என்று யாரும் யாருக்கும் பாக்கி கிடையாது.

இந்த ஓணத்துக்கு ஏத்தன்குலை விலை எகிறிவிட்டது. முருகதாஸ் கையை விரித்துவிட்டான். குலை எடுக்க முதல் இல்லை. வருஷத்தில் நாலு காசு பார்க்கிற சந்தையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் மீரா முகைதீன் கல்லாவைத் திறந்து பத்தாயிரத்தை எடுத்து நீட்டினார். பாதி ஆயுளை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்த மனிதர்.

"வட்டி எவ்வளவு பாய்?"

"வட்டி வாங்குகது எங்களுக்கு ஆகாது வேய். முதலத் தந்தாப் போதும். கையில உள்ளப்பம் தாரும்."

ஓணச் சந்தை நன்றாக ஓடியது. லாபத்தில் ஒழுகிக்கொண்டிருந்த வீட்டுக்கூரையைச் சரிசெய்தாயிற்று. கடன் வாங்கிய முதலோ அடுத்த லோடு குலையில் கிடந்தது. மழை பெய்யும்போது பாயில் படுத்துக்கொண்டு நனையாத கூரையைப் பார்ப்பார். அந்த மனிதர் மட்டும் இல்லாவிட்டால் என்று நினைப்பு வரும். எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

நன்றியைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு சீப்பு மட்டிப்பழத்தைக் கொண்டுபோய் பாயின் மேசையில் வைத்தார்.

"இது என்ன?"

"சும்மா, ஒரு சந்தோசத்துக்கு."

"கடன் குடுத்த ஆளு, வாங்கின ஆளுகிட்ட ஓசியில பழம் தின்னா அதுவும் வட்டிதான் வேய். விலையச் சொல்லும்."

தாணுலிங்கம் தயங்கித் தயங்கிப் பாதி விலையைச் சொன்னார். பாய் சிரித்தார்.

"கொறச்சுச் சொன்னா அதுவும் வட்டிதான்."

பக்கத்துக் கடையில் விசாரித்து, சந்தை விலையை அப்படியே எண்ணி வைத்தார். நன்றி சொல்லப் போன மனிதர் வியாபாரம் பண்ணிவிட்டுத் திரும்பினார்.

தாணுலிங்கத்தின் மனைவி முத்துக்கனி ஒரு வழி சொன்னாள்.

"கடன் தந்தது பாய். நாம குடுக்கப்போறது அவிய வீட்டுக்காரிக்கு. அது எப்படி வட்டியாகும்?"

வக்கீலுக்குப் படிக்க வேண்டியவள் என்று தாணுலிங்கம் மெச்சிக்கொண்டார். மறுநாள் ஒரு செந்துளுவன் குலை, பாயின் மனைவி கதீஜா பீவியிடம் புறவாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் ஒரு பெரிய பாத்திரம் நிறைய பிரியாணி வந்தது.

பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள். தாணுலிங்கமும் தின்றார். கடைசி எலும்பைக் கடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஏட்டி, நேத்து வரைக்கும் கடன் மட்டும்தான் இருந்துது. இன்னைக்கு மேல பிரியாணியும் ஏறிப்போச்சு."

காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது அல்லவா? முத்துக்கனி அதில் ஏத்தங்காய் உப்பேரி வறுத்து நிரப்பி அனுப்பினாள். அந்த வீட்டிலிருந்து நெய்ச்சோறும், கூடவே துபாய் அத்தர் ஒரு குப்பியும் வந்தன. பலாப்பழம் போயிற்று. பதிலுக்குப் பிள்ளைகளுக்கு உடுப்புத்துணி வந்தது. கடனுக்கு வட்டி வாங்காத வீடு, வாழைக்குலைக்கு வட்டி போட்டுத் திருப்பித் தந்தது.

சந்தையில் பாயைக் கண்டால் தாணுலிங்கம் குலைகளுக்குப் பின்னால் போய் நிற்கத் தொடங்கினார். பூசியிருந்த துபாய் அத்தரின் வாசனை அவரைக் காட்டிக்கொடுத்தது.

"என்ன வேய், ஒளிஞ்சு நிக்கியரு? நான் பணம் கேட்டனா?"

"கேட்டாக்கூட நல்லா இருக்குமே பாய்" என்றார் தாணுலிங்கம் பரிதாபமாக.

அன்று ராத்திரியே முடிவு செய்தார். மறுநாள் காலையில் முருகதாஸைத் தேடிப் போனார். இந்த முறை அவன் கையை விரிக்கவில்லை.

"பத்தாயிரமா? இப்பத்தான் கையில வந்துது அண்ணாச்சி. வட்டி போக ஒம்பது பிடியும்."

மிச்சத்தைக் கல்லாவைத் தட்டிச் சேர்த்தார். முத்துக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வட்டியில்லாத கடன அடைக்க வட்டிக்கு வாங்குகியளா? வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்லா இருக்கு."

"முருகதாஸுக்குக் காசு கட்டினா முடிஞ்சு போச்சு. இந்த மனுசனுக்கு நான் எதைக் கட்டுவேன்? நிம்மதிக்கு வட்டி குடுக்கேன்னு நெனச்சுக்கோ."

மத்தியானம் பாய் தொழப் போயிருந்தார். வீட்டு வாசலில் கதீஜா பீவிதான் நின்றாள். தாணுலிங்கம் பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"பாய்கிட்ட சொல்லுங்கம்மா. சமயத்துல அவிய தந்த பணத்துலதான் எனக்க பிள்ளைய நனையாம உறங்குது. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

சொல்லி முடித்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. பலநாளாகத் தலையிலிருந்த சுமையை இறக்கி வைத்தது போல நிமிர்ந்து நின்றார்.

கதீஜா பீவிக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல சமயத்துல கொண்டு வந்திய அண்ணாச்சி. கடைக்குச் சரக்கெடுக்கக் காசில்லாம முழிச்சிட்டிருந்தோம். கையில இருந்த பத்தாயிரத்தையும் இவரு காலையில அந்த முருகதாஸுக்குல்லா தூக்கிக் குடுத்தாரு, வட்டியில்லாம."