பணிஸ் இல்லாத பர்கர்

மூன்றாவது கோழியிறைச்சி வடையும் தாச்சியில் உடைந்து சிதறியபோது சுதாகரன் அடுப்பைத் தணித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மணி ஒன்பதரை. பன்னிரண்டரைக்குள் சாப்பாட்டுப் பெட்டி வட்டுக்கோட்டையில் இருக்கவேண்டும்.

சுதாகரன் இணுவிலில் பின்னேரங்களில் கணக்கு ரியூசன் நடத்துகிறவன். மனைவி உதயகலாவுக்கு வட்டுக்கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. அவள் ஏழரைக்கே வெளிக்கிட்டுவிடுவாள் என்பதால், கலியாணம் முடித்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொடுப்பவன் அவன்தான். அதிலும் புட்டு. உதிரி உதிரியாக, தேங்காய்ப்பூ தாராளமாக விழுந்து, பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்போடு. அந்தப் புட்டில் அவனுக்கு இருந்த பெருமை, தன் கணக்கில்கூட இருந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன்னர் உதயகலாவுக்கு இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாச்சாப்பாட்டைக் குறைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். சுதாகரன் வெள்ளை மாவை விட்டுச் சிவப்பரிசி மாவுக்கு மாறினான். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தான். தீரவில்லை. கஜீபன் வந்தான்.

கஜீபன் அவளோடு வேலை செய்கிறவன். ஒருநாள் வீடு திரும்பியவள் கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கஜீபன் இண்டைக்குப் பர்கர் கொண்டு வந்தவர். மேலை கீழை வைக்கிற பணிஸ் இல்லை. இறைச்சியும் சீஸும் மட்டும், சலாது இலையிலை சுத்தினது. வாயிலை வைக்கக் கரையுது."

பதினொரு வருசம் புட்டுத் தின்றவள் ஒருநாளாவது வாயில் கரைகிறது என்று சொன்னதில்லை. புட்டு வாயில் கரையக்கூடாதுதான். ஆனாலும் சுதாகரனுக்குச் சுருக்கென்றது.

அடுத்த கிழமை மூன்று தரம் பர்கர் வந்தது. பிறகு அநேகமாக ஒவ்வொரு நாளும் வந்தது. உதயகலாவின் சீனி இறங்கியது, இடுப்பு இறங்கியது, அலுமாரிக்குள் கிடந்த பழைய சட்டைகள் எல்லாம் பொருந்தத் தொடங்கின. சந்தோசப்படவேண்டிய ஒவ்வொன்றும் அவனுக்கு முள்ளாகக் குத்தியது. இத்தனை வருசம் சோறும் புட்டும் ஊட்டித் தான் கெடுத்துவைத்த மனைவியை எவனோ ஒருவன் இலையில் சுற்றித் திருத்திக்கொண்டிருக்கிறான்.

அவளுடைய போனில் கந்தோர் ஒன்றுகூடல் படம் ஒன்று இருந்தது. அதை விரலால் பெருப்பித்துப் பார்த்தான். கஜீபன் உயரமாக, ஒல்லியாக, கை மடித்த வெள்ளைச் சேட்டோடு உதயகலாவிலிருந்து இரண்டு பேர் தள்ளி நின்றான். அப்படி இரண்டு பேர் தள்ளி நின்றதுதான் சுதாகரனுக்குக் கூடுதல் சந்தேகத்தைத் தந்தது.

"உவர் கலியாணம் முடிச்சவரோ?"

"ஓம், போன வைகாசியிலை. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா கேட்டனான்."

அந்தச் சும்மாவிலிருந்து பிறந்ததுதான் இன்றைய சமையல். காலையில் அவள் வெளிக்கிடும்போது, இன்று பெட்டி கொண்டுபோக வேண்டாம், மத்தியானம் சுடச்சுடத் தானே கொண்டுவருவதாகச் சொன்னான்.

"அப்ப புட்டு?" என்றாள்.

"புட்டு இல்லை."

"கொஞ்சங்கூட அவிக்கேல்லையோ?"

அவள் முகம் வாடியது. குற்றமுள்ள முகம் என்று சுதாகரன் முடிவுகட்டினான்.

போன் வீடியோவில் ஒரு பெண் அரைத்த கோழியிறைச்சியை உள்ளங்கையில் தட்டி, இரண்டு பக்கமும் பொரித்து, மேலே சீஸைப் போட்டுச் சிரித்தாள். சுதாகரனின் இறைச்சி தண்ணீர் விட்டது. முட்டை ஒன்று உடைத்து ஊற்றினான், கலவை கூழானது. கூழை இறுக்க றஸ்க் தூள் ஒரு பிடி போட்டான். தூளும் பாண், பணிஸ் குடும்பந்தான், ஆனால் ஒரு பிடி கணக்கில் வராது. இப்போது வடை வெடித்தது. வெடிப்பை மூட இரண்டு உருளைக்கிழங்கை அவித்து மசித்துச் சேர்த்தான். வடை கடைசியில் ஒருவழியாக நின்றது. அதை இறைச்சி வடை என்பதைவிட, இறைச்சி மணக்கிற கிழங்கு வடை என்பதே பொருந்தும்.

சீஸ் உருகித் தாச்சியில் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டி எடுத்து வடையின் தலையில் அப்பினான்.

மிச்சம் இருந்தது இலை. சந்திக் கடையில் சலாது முடிந்துவிட்டது என்றார்கள். முட்டைக்கோவா வாங்கிவந்து இலையைக் கழற்றினான். மடித்தால் முறிந்தது. வெந்நீரில் போட்டான், கிழிந்தது. இரண்டு இலை வைத்துச் சுற்றினான், வடை கீழ்வழியால் நழுவி விழுந்தது. மணி பதினொன்றே முக்கால். வேறு வழியில்லாமல் கோதம்பை மாவைக் குழைத்து மெல்லிய றொட்டி ஒன்று சுட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து இறுக்கச் சுருட்டினான்.

பெட்டியை மூடும்போதுதான் அவனுக்குள் இருந்த கணக்கு வாத்தியார் கூட்டிப் பார்த்தார். றஸ்க், கிழங்கு, கோதம்பை மா. புட்டைவிட இதில்தான் மா கூட. இருந்தாலும் பணிஸ் இல்லை. அதில் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

மானிப்பாயைத் தாண்டும் வரைக்கும் கஜீபனிடம் என்ன கதைப்பது என்று ஒத்திகை பார்த்தான். 'தம்பி, என்ரை மனுசிக்குச் சமைக்க நான் இருக்கிறன்.' மிதமாகவும் இருந்தது, உறைக்கவும் செய்தது.

கந்தோர் வாசலில் காவலுக்கு இருக்கும் மார்க்கண்டர் எழும்பி வந்தார். அவருக்குப் பின்னால் விறாந்தையில், கையில் வெறும் சாப்பாட்டுக் கோப்பையோடு ஒருவன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். கஜீபன். படத்தில் கண்டதைவிட நன்றாகச் சதை பூசியிருந்தான்; வெள்ளைச் சேட்டின் தெறிகள் வயிற்றில் இழுபட்டன. சுதாகரனுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

மார்க்கண்டர் பெட்டியை வாங்கி மூக்குக்கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன மாஸ்ரர், புட்டு மணம் இல்லை?"

"இண்டைக்குப் புட்டு இல்லை. பர்கர்."

மார்க்கண்டர் விறாந்தைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப அந்தத் தம்பி இண்டைக்குப் பட்டினிதான். தன்ரை மனுசி கட்டிவிடுற உந்தப் பணிஸ் இல்லாத சாமானை உங்கடை மிஸ்ஸிட்டைத் தள்ளிப்போட்டு, மூண்டு மாசமா உங்கடை புட்டைத்தானே மாஸ்ரர் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்."